மிளகாய் வோட்காவை ருசி பார்ப்பது எப்படி?

முதல் தடவை நான் மிளகாய் வோட்கா குடித்த விதம் படு கேவலம். உக்ரைனில், வின்னிட்சியா நகரத்தில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்த நண்பன் ஒருவன் பெட்டிக்குள் துணி சுற்றி ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். தேன் நிறம், அடியில் ஒரு சிவப்பு மிளகாய். மூன்று நாள் ஃப்ரீசரில் கிடந்ததை எடுத்துச் சின்ன கிளாஸில் ஊற்றி ஒரே மடக்கில் கவிழ்த்தேன். லேசாகத் தித்தித்தது, அவ்வளவுதான். "என்னடா, நம்ம ஊர் மிளகாய்க்கு முன்னாடி இதெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் தொண்டைக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். ஒரு நொடி இதமாக இருந்தது, அப்புறம் முன்னைவிட மோசம்.

சிரித்து முடித்துவிட்டு அவன் கேட்டான்: "சரி, மிளகாய் எப்படி இருந்துச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. எரிந்தது என்று சொல்லலாம். பச்சை மிளகாயா, காய்ந்த மிளகாயா, பழுத்ததா, புகையில் வாட்டியதா? ஒன்றும் தெரியவில்லை. இத்தனைக்கும் அம்மா எந்த மிளகாயைத் தாளிக்கிறாள் என்பதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிற மூக்கு எனக்கு.

மிளகாயின் உறைப்பு வேறு, மிளகாயின் வாசனை வேறு. ஒரே காய்க்குள் குடியிருந்தாலும் இரண்டும் வேறு வேறு சங்கதி. மிளகாய் வோட்காவை ருசி பார்ப்பது என்பது இந்த இரண்டையும் வாய்க்குள் பிரித்து அறிவதுதான். உறைப்பை எவ்வளவு தாங்குவீர்கள் என்ற போட்டி இதில் கிடையாது. குடிக்காதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம். வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு இது ஆகாது. குடித்துவிட்டு வண்டியைத் தொடக் கூடாது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

எந்த பாட்டிலை எடுப்பது

மிளகாய் வோட்கா என்ற பெயரில் விற்பதெல்லாம் ஒரே சரக்கு அல்ல. எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது, மூன்றுக்கும் ஒவ்வொரு பாட்டிலை உதாரணமாகச் சொல்கிறேன்.

முதலாவது உக்ரைன் வழி. அங்கே வோட்காவுக்கு ஹொரில்கா என்று பெயர். 'எரிதல்' என்ற பொருள் தரும் வினையோடு உறவுள்ள சொல் அது, ஆக மிளகாய் போடும் முன்பே பெயரில் நெருப்பு இருக்கிறது. மிளகாய் ஊறிய ஹொரில்காவைப் பெர்ட்சிவ்கா என்பார்கள். தேனும் மிளகாயும் சேர்த்துச் செய்வது அங்கே வெகு பிரபலம். நெமிரோஃப் நிறுவனத்தின் தேன் மிளகாய் பாட்டில் உலகம் முழுக்கப் போகிறது. வின்னிட்சியா மாகாணத்தில் உள்ள நெமிரிவ் என்ற சிற்றூர்தான் அதன் பிறப்பிடம். தங்கள் வடிசாலையின் பாரம்பரியத்தை அவர்கள் 1872 முதல் கணக்கிடுகிறார்கள். நண்பன் கொண்டுவந்ததும் அந்த வகைதான்.

இரண்டாவது ஸ்வீடன் வழி. அப்சொலூட் பெப்பார், 1986-ல் வந்தது. இன்று எலுமிச்சை, வெனிலா, ராஸ்பெரி என்று வரிசைகட்டி நிற்கும் அந்த நிறுவனத்தின் வாசனை வோட்காக்களில் மூத்த பிள்ளை மிளகாய்தான். தக்காளிச் சாறு கலந்த பிளடி மேரி காக்டெயிலை மனதில் வைத்துச் செய்த சரக்கு. சர்க்கரை கிடையாது, பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது கலிபோர்னியா வழி. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள அலமேடாவில், பழைய கடற்படை விமானக் கொட்டகை ஒன்றில் இயங்கும் செயின்ட் ஜார்ஜ் வடிசாலையின் பச்சை மிளகாய் வோட்கா. ஹலபேன்யோ, செரானோ, ஹாபனேரோ ஆகிய மூன்று உறைப்பு மிளகாய்கள், சிவப்பிலும் மஞ்சளிலும் குடைமிளகாய், கூடவே கொத்தமல்லித் தழையும் எலுமிச்சைத் தோலும். இவற்றில் சிலவற்றை ஊறவைத்தும் சிலவற்றைக் காய்ச்சி வடித்தும் கடைசியில் கலக்கிறார்கள். ஏன் இந்தச் சிரமம் என்பதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது.

மிளகாயை உறைக்க வைக்கும் கேப்சைசின் எளிதில் ஆவியாகாது. மிளகாயை ஆல்கஹாலில் போட்டுக் காய்ச்சி வடித்தால் வாசனை மேலே ஏறி வந்துவிடும், உறைப்பு சட்டியிலேயே தங்கிவிடும். ஊறவைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். ஆக, வடித்துச் செய்த பங்கு மணத்துக்கு, ஊறவைத்த பங்கு உறைப்புக்கு. பாட்டிலின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்தால், குடிக்கும் முன்பே பாதி கதை தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பாட்டில்தான் கையில் இருக்கிறதா? பரவாயில்லை. ஆனால் கூடவே வாசனை எதுவும் சேர்க்காத சாதா வோட்கா கொஞ்சம் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

வாய்க்குள் என்ன நடக்கிறது

நம் நாக்கிலும் வாய்த் தோலிலும் சூட்டை உணரும் வாங்கி (ரிசெப்டர்) ஒன்று இருக்கிறது. டிஆர்பிவி1 என்பது அதன் பெயர். சூடு சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் 'சுடுகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புவது அதன் வேலை. கேப்சைசின் போய் அதில் உட்கார்ந்துகொண்டால், சூடே இல்லாமல் அதே சேதி போகும். 1997-ல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசு பாதி கிடைத்தது. உறைப்பு என்பது ருசியில் சேராது, பொய்யான சூட்டு வலி அது.

ஆல்கஹாலும் அதே வாங்கியைத்தான் தொடுகிறது, கொஞ்சம் வேறு மாதிரி. அந்த வாங்கி விழித்துக்கொள்ளும் வெப்பநிலையை 34 டிகிரி அளவுக்கு அது இறக்கிவிடுகிறது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி. அதனால்தான் மிளகாய் போடாத சாதா வோட்காவும் தொண்டையில் இறங்கும்போது சுடுகிறது.

ஆக, மிளகாய் வோட்காவில் இரண்டு எரிச்சல். ஆல்கஹாலின் எரிச்சல் உடனே வரும், வாய் முழுக்கப் பரவும், சில நொடிகளில் அடங்கிவிடும். மிளகாயின் எரிச்சல் தாமதமாக வந்து, ஓரிடத்தில் உட்கார்ந்து, வளர்ந்து, நிமிடக்கணக்கில் நிற்கும். சாதா வோட்கா பக்கத்தில் இருந்தால் முதலாவது எது என்று நாக்குக்கு அடையாளம் காட்டிவிடலாம். அது தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் மிளகாயுடையது.

ஃப்ரீசர் பாட்டில் என்னை ஏமாற்றியதற்கும் இதுதான் காரணம். அது சூட்டை உணரும் வாங்கி என்பதால் குளிரில் அடங்கிக் கிடக்கும். வாய் பழைய சூட்டுக்குத் திரும்பும்போதுதான் கதவு திறக்கும்.

மேஜையைத் தயார் செய்வது

கிளாஸ் முக்கியம். ஷாட் கிளாஸ் வேண்டாம், அது விழுங்குவதற்கென்றே செய்தது. வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸ் நல்லது, வீட்டில் இருக்கும் சின்ன ஒயின் கிளாஸே போதும். எவர்சில்வர் டம்ளர் கூடாது, நிறமும் தெரியாது, மணமும் தங்காது.

ஆகவே ஃப்ரீசரில் இருந்து நேராக எடுக்க வேண்டாம். அதற்காகச் சென்னை மே மாத அறைச் சூட்டிலும் வேண்டாம், ஆல்கஹால் ஆவி மூக்கை அறைந்துவிடும். 15 முதல் 18 டிகிரி வரை சரியாக இருக்கும். நம் ஊரில் அலமாரியில் இருக்கும் பாட்டிலை ஒன்றரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஏறக்குறைய அந்தப் பதம் வரும்.

ஒரு வகைக்கு 15 மில்லி போதும். மூன்று வகை என்றால் மொத்தம் 45 மில்லி, அதாவது ஒரு லார்ஜைவிடக் கொஞ்சம் குறைவு. துப்புவதற்கு ஒரு கிண்ணம் வையுங்கள். துப்புவதை அவமானமாக நினைக்க வேண்டாம், ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்கிறவர்களில் பலரும் துப்புகிறவர்கள்தான். மிளகாய் வோட்காவில் துப்புவதால் இன்னொரு லாபம், வயிறு மறுநாள் காலையில் கணக்குக் கேட்காது.

உப்பு போடாத ரொட்டித் துண்டு, வெள்ளரிக்காய், குளிராத தண்ணீர் ஆகியவற்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு டம்ளர் பால் அல்லது தயிரை மேஜையின் மறுகோடியில் வையுங்கள். கேப்சைசின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது, தண்ணீர் குடித்தால் அது இடம் மாறுமே தவிரப் போகாது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு நீக்கிய பாலும் வேலை செய்யும். ஆனால் பால் நாக்கில் படலம் போடுவதால் அடுத்த கிளாஸின் ருசி மழுங்கிப்போகும். அதனால் அது கடைசிக்கு, அல்லது அவசரத்துக்கு.

ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே, அடுப்பில் கொதிக்கும் சாம்பார் எதுவும் அறையில் வேண்டாம். அன்று மதியம் காரக்குழம்பு சாப்பிட்டிருந்தால் ருசி பார்ப்பதை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

முகர்வது

பாதி வேலை இங்கேதான் நடக்கிறது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

முதலில் சாதா வோட்காவை முகருங்கள். கிளாஸின் விளிம்பை மேலுதட்டுக்குக் கீழே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மெதுவாக இழுங்கள். ஒயின் போல மூக்கை உள்ளே விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் மூக்கைச் சுட்டு, ஐந்து நிமிடத்துக்கு வேறு எதுவும் தெரியாமல் செய்துவிடும். அந்தக் காரமான ஏற்றத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மிளகாய் வோட்கா. மூக்கில் சுருக்கென்று ஏறினால், 'அப்பா, என்ன காரம்!' என்று தோன்றும். அது மிளகாய் இல்லை. கேப்சைசின் ஆவியாகாது என்பதால் குளிர்ந்த கிளாஸிலிருந்து அது உங்கள் மூக்குக்கு வரவே வராது. தாளிக்கும்போது வீடே இருமுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே கொதிக்கும் எண்ணெயும் புகையும் அதைத் துகள்துகளாகத் தூக்கிக்கொண்டு வருகின்றன, அதுதான் கமறல். கிளாஸில் கமறல் கிடையாது. மூக்கைச் சுடுவது முழுக்க ஆல்கஹால்தான். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவதுதான் மிளகாயின் அசல் வாசனை. கிளாஸிலிருந்து மூக்குக்கு உறைப்பு வராது என்பதால், உறைப்பின் தொந்தரவு இல்லாமல் மிளகாயைச் சந்திக்கும் ஒரே இடம் இதுதான். அவசரப்பட வேண்டாம்.

என்ன தேடுவது? பச்சையாகப் பறித்த மிளகாய் என்றால், காம்பைக் கிள்ளும்போது வருமே, அந்தப் புல் வாசனை இருக்கும். மெத்தாக்சிபைரசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் அதற்குக் காரணம். குடைமிளகாயை வெட்டினால் வருவதும் அதே மணம்தான். கபெர்னே சாவினியோன் ஒயினில் சிலர் 'குடைமிளகாய் அடிக்கிறது' என்று சொல்வதும் அதைத்தான். லட்சம் கோடிப் பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும் அளவுக்கு வீரியம் உள்ளது. காய் பழுக்கப் பழுக்க அது குறையும். செயின்ட் ஜார்ஜில் இந்தப் பச்சை முன்னால் நிற்கும், பின்னாலேயே கொத்தமல்லித் தழை வரும். கொத்தமல்லிச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரைத் திறந்த மாதிரி இருந்தது என்று என் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஹாபனேரோ சேர்ந்தால் பழ வாசனை வரும், ஆப்ரிகாட் போல ஒரு தித்திப்பான நெடி. காய்ந்த மிளகாய் என்றால் பழைய மளிகைக் கடையில் வற்றல் மூட்டையைப் பிரித்த வாசனை, கொஞ்சம் தோல், கொஞ்சம் திராட்சை வற்றல். அப்சொலூட்டில் இந்த வற்றல் பக்கமும் பச்சைப் பக்கமும் சேர்ந்தே இருக்கும். உக்ரைன் பாட்டிலில் முதலில் வருவது தேன், மிளகாய் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கிளாஸை வைத்துவிட்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள், அப்போது மிளகாய் முன்னால் வந்திருக்கும்.

பழைய முறை பெர்ட்சிவ்காவில் சிவப்பு மிளகாயோடு கருமிளகும் போடுவார்கள். மிளகு நெடி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ரசம் கொதிக்கும் வாசனை. வேடிக்கை என்னவென்றால், மெக்சிகோ பக்கத்துக் காயான மிளகாய்க்கு ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஆங்கிலேயர்களும் மிளகின் பெயரையே வைத்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் கொண்டுவந்து இறக்கியபோது நாமும் மிளகோடு காயை ஒட்டி மிளகாய் என்றுதான் கூப்பிட்டோம்.

வாயில் வைப்பது

முதல் வாய் சாதா வோட்கா. அரை டீஸ்பூன் அளவு. நாக்கு முழுக்கப் பரவவிட்டு ஐந்து நொடி வைத்திருந்து, துப்புங்கள் அல்லது விழுங்குங்கள். எரிச்சல் எப்போது வந்தது, எப்போது போனது என்று மட்டும் கவனியுங்கள். ரொட்டி, தண்ணீர், இரண்டு நிமிட ஓய்வு.

அடுத்தது மிளகாய் வோட்கா, அதே அரை டீஸ்பூன். எதிரில் நொடிமுள் உள்ள கடிகாரமோ போனோ இருக்கட்டும். வாயில் வைத்ததும் முதல் சில நொடிகள்தான் ருசிக்கான நேரம், உறைப்பு வந்து சேரும் முன் மிளகாயைப் பிடிக்க வேண்டும். தித்திப்பு உண்டா? கசப்பு? பச்சையா, வற்றலா? விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த மூச்சில்தான் மணம் திரும்ப வரும். முதலில் முகர்ந்தபோது கிடைக்காத ஒன்று இப்போது கிடைக்கலாம்.

அப்புறம் உறைப்பு வரும். வரட்டும். எதிர்த்து நிற்காமல் ஆளைப் பாருங்கள். நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிளகாய்க்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இருக்கிறது. உறைப்பை ஐந்து கேள்விகளால் விவரிக்கலாம் என்பது அங்கே சொல்லிக்கொடுக்கும் முறை: எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, வாயில் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஊசி குத்துவது போலவா அல்லது தூரிகையால் பூசியது போலவா, கடைசியாக எவ்வளவு உக்கிரம். உக்கிரம் கடைசியில் இருப்பதைக் கவனியுங்கள். நாம் கேட்பது எப்போதும் அந்த ஒன்றை மட்டும்தான்.

இந்த இடத்தில் தமிழ் கொஞ்சம் உதவும். 'சுள்' என்றால் ஊசி, 'காந்துகிறது' என்றால் பூச்சு. 'சுரீர்' என்பது வேகம், 'தொண்டையைப் பிடிக்கிறது' என்பது இடம். என் குறிப்பில் உக்ரைன் தேன் மிளகாய்க்கு இப்படி இருக்கிறது: 'நாக்கு நுனியில் ஒன்றுமில்லை. 8-ஆவது நொடி தொண்டையில் காந்தல். 30-ல் உச்சம். தேன் போன பிறகுதான் உறைப்பு பேசுகிறது. மூன்று நிமிடத்தில் அடங்கியது.' தித்திப்பு உறைப்பை அமுக்கிவைக்கும் என்பதால் தேன் கலந்த சரக்கு எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வரும். சர்க்கரை இல்லாத அப்சொலூட் நேராக வாசலுக்கு வந்து கதவைத் தட்டும்.

மிளகாயின் உறைப்பை எண்ணால் சொல்லும் ஸ்கோவில் அளவை இங்கே தேட வேண்டாம், எந்த பாட்டிலிலும் அது பெரிய உபயோகம் இல்லை. ஆனால் அதன் கதை நம் விஷயத்துக்கு நெருக்கமானது. வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தாளர் 1912-ல் செய்தது இதுதான்: மிளகாயை ஆல்கஹாலில் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்துகொண்டே போய், உறைப்பு தெரியாமல் போகும் வரைக்கும் ஐந்து பேருக்கு ருசி பார்க்கக் கொடுத்தார். உறைப்பை அளந்த முதல் கருவியே ஒரு மிளகாய்ச் சாராயம்தான்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

மிச்சமுள்ள வோட்காவில் அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். 40 சதவீதம் 20 ஆகும். நண்பர்கள் கேலி செய்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம். ஆல்கஹாலின் பிடி தளர்ந்ததும் அதுவரை அடங்கியிருந்த மணம் வெளியே வரும். எலுமிச்சைத் தோல் மாதிரி எண்ணெய்ச் சத்து உள்ள சரக்கு என்றால் லேசாக மங்கலாகவும் ஆகலாம், பயப்பட ஒன்றுமில்லை. சரக்கு மட்டமானதா என்பதும் இங்கே தெரிந்துவிடும். நல்லதில் தண்ணீர் விட்ட பிறகும் மிளகாய் இருக்கும். மட்டமானதில் வெறும் எரிச்சலும், மருந்துக் கடை எசன்ஸ் வாசனையும்தான் மிஞ்சும்.

கடைசியாக, கொஞ்சத்தை நன்றாகக் குளிரவைத்து ஒரு வாய் பாருங்கள். உக்ரைனில் மேஜைக்கு அப்படித்தான் வருகிறது, அதன் சுகமும் தனி. முன்னால் எதுவும் தெரியாமல் பின்னால் வரும் அந்த ஏமாற்று வித்தையை, இப்போது காரணம் தெரிந்தே ரசிக்கலாம்.

இரண்டாவது பாட்டில் ஏன் சாதுவாகத் தெரிகிறது

ஒன்றுக்கு மேல் ருசி பார்ப்பவர்கள் அத்தனை பேரும் விழும் குழி இது. கேப்சைசினை அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். ஆனால் கொடுத்துவிட்டுப் பல நிமிடம் இடைவெளி விட்டால் நாக்கு மரத்துப்போய், அடுத்தது குறைவாகத் தெரியும். ஆக, அடுத்தடுத்துக் குடித்தால் இரண்டாவது பாட்டில் ராட்சசன், கால் மணி நேரம் விட்டுக் குடித்தால் அதே பாட்டில் பரம சாது. இரண்டும் பொய்.

நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில்தான் என்றால், சாதுவிலிருந்து உக்கிரத்துக்குப் போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். முகர்வதை மட்டும் எல்லாப் பாட்டிலுக்கும் முதலிலேயே முடித்துவிடுங்கள். உறைப்பால் மூக்கு மரத்துப்போவதில்லை, நடுவில் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் அதன் தீர்ப்பை நம்பலாம்.

இன்னொன்று, நம் நாக்கு சின்ன வயதிலிருந்தே பழகிப்போனது. எனக்கு 'லேசான உறைப்பு' என்று படுவதை வேறு ஊர்க்காரர் ஒருவர் குடித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தது உண்டு. விருந்தாளிகளுக்குக் கொடுக்கும்போது உங்கள் நாக்கை அளவுகோலாக வைக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

உறைப்பும் வாசனையும் வேறு வேறு என்று நான் எழுதுவதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். நான்கு பச்சை மிளகாய், 200 மில்லி சாதா வோட்கா, இரண்டு கண்ணாடிக் குப்பி.

மிளகாயை நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே விதைகளைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாக ஒரு நரம்பு ஓடும். உறைப்பு உற்பத்தியாவது அங்கேதான். விதை என்று பலர் நினைப்பது தப்பு, நரம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதால் விதைக்கு அந்தப் பெயர். கத்தி முனையால் வெள்ளை நரம்பையும் விதையையும் சுத்தமாகச் சுரண்டி ஒரு குப்பியில் போடுங்கள். பச்சைத் தோலை மட்டும் நறுக்கி இன்னொன்றில் போடுங்கள். இரண்டிலும் 100 மில்லி ஊற்றி மூன்று மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். கையில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் கண்ணைத் தொட வேண்டும். நான் கழுவியதாக நினைத்துக்கொண்டு லென்ஸைக் கழற்றினேன், அந்த ராத்திரியைப் பற்றி எழுதுவதாக இல்லை.

தோல் ஊறிய குப்பி மணக்கும், உறைப்பு கொஞ்சம்தான். நரம்பு ஊறிய குப்பி மூக்குக்கு அநேகமாகச் சாதா வோட்கா, வாயில் வைத்தால் நெருப்பு. இரண்டையும் சொட்டுச் சொட்டாகக் கலந்து உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தலாம். கலிபோர்னியாக்காரர்கள் பெரிய அளவில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். முழு மிளகாயை அப்படியே போட்டு மாதக்கணக்கில் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உறைப்பு ஏறிக்கொண்டே போகும், பச்சை வாசனை வெந்த காய் மாதிரி ஆகிவிடும். எடுத்துவிடுங்கள்.

மிச்சத்தை என்ன செய்வது

உக்ரைனில் இதற்குத் துணை சாலோ. உப்பில் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பை மெல்லிசாக அரிந்து, கருப்பு ரை ரொட்டியின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு பூண்டுப் பல்லும் உப்பு நீரில் புளித்த வெள்ளரிக்காயும் இருக்கும். கேப்சைசின் கொழுப்பில் கரையும் என்பது அந்தக் கிராமத்துக்காரர்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல. சாலோ வேண்டாம் என்பவர்கள் வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிடலாம், அதே வேலை நடக்கும். சளிக்கு மிளகாய் வோட்கா கைகண்ட மருந்து என்றும் அங்கே பாட்டிகள் சொல்வார்கள். மூக்கு ஒழுகுவது என்னவோ நிஜம், குணமாவதை நம்பாதீர்கள்.

அப்சொலூட் பெப்பாரைப் பிளடி மேரியில் ஊற்றுவதுதான் நியாயம். 1920-களில் பாரிஸின் ஹாரிஸ் நியூயார்க் பாரில் ஃபெர்னாண்ட் பெட்டியோ என்பவர் முதலில் கலந்தார் என்று சொல்லப்படும் காக்டெயில் அது. 45 மில்லி வோட்கா, 90 மில்லி தக்காளிச் சாறு, அரை எலுமிச்சம்பழம், உப்பு, மிளகுத்தூள், சில சொட்டு உஸ்டர்ஷர் சாஸ். மிளகாய் வோட்கா என்றால் தபாஸ்கோ மிளகாய் சாஸ் தேவையில்லை. ஐஸ் போட்டு, குலுக்காமல் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு நாலு தரம் ஊற்றி ஆற்றினால் போதும், டீக்கடையில் பார்க்காததா! செயின்ட் ஜார்ஜை இதில் வீணாக்க வேண்டாம், தக்காளி அதன் பச்சை வாசனையை விழுங்கிவிடும். சோடாவும் எலுமிச்சையும் அதற்குப் போதும்.

நண்பனின் பாட்டில் ஏழு மாதம் ஓடியது. காலியானதும் அடியில் கிடந்த மிளகாயைக் கம்பியால் நோண்டி எடுத்தோம். சிவப்பு வெளுத்து, காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. நுனியை ஒரு கடி கடித்தேன். வாசனை என்று ஒன்றுமே இல்லை, எல்லாம் எப்போதோ தேனுக்குள் இறங்கிவிட்டிருந்தது. உறைப்பு மட்டும் அப்படியே இருந்தது. பாலை எடுக்க அடுப்படிக்கு ஓடினேன்.